கம்பெனிக்குள் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர்கள் வட்டி விகிதத்தை ஏன் பார்க்க வேண்டும்

வேலை பார்க்கும் நிறுவனத்துக்குள்ளேயே புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வாய்ப்பு கிடைத்து, அதில் மனதைக் கொடுத்து இறங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நடத்திய திட்டத்தை மூடிவிட்டார்கள். வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்திருந்தது, தொழில்நுட்பம் வேலை செய்தது, குழுவுக்குள் சண்டை சச்சரவு கிடையாது. அப்படியிருந்தும் மூடினார்கள். ஏன் என்பது புரிய வெகுநாள் பிடித்தது. புதுமை படைப்பது பற்றிய பயிற்சி வகுப்புகளுக்கு எங்களை அடிக்கடி அனுப்புவார்கள். வாடிக்கையாளரோடு பேசு, சின்னதாக ஆரம்பி, தோல்விக்குப் பயப்படாதே என்றெல்லாம் அங்கே நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் செலவழிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பணத்தின் விலை எப்போது ஏறும், ஏறினால் எங்களுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தொழிற்சாலைகளுக்கான பம்ப்புகள் தயாரிக்கும் நிறுவனம். பம்ப் விற்பது, உதிரி பாகம் விற்பது, பழுது பார்ப்பது, இவைதான் வருமானம். பம்ப்பில் பேரிங் தேய ஆரம்பித்தால் அதிர்வு மாறும், சூடு கூடும். ஒரு சென்சாரைப் பொருத்தி அந்த மாற்றத்தைத் தொடர்ந்து கவனித்தால், பம்ப் நின்றுபோவதற்கு முன்பே எச்சரிக்க முடியும். திடீரென்று உற்பத்தி நின்றால் ஒரு தொழிற்சாலைக்கு ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் சென்சாரின் விலை ஒன்றுமே இல்லை. இந்த யோசனையை எழுதிக் கொடுத்தபோது நான் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். மேலிடத்துக்குப் பிடித்துப்போய், தனிக் குழு அமைத்து, என்னையே நடத்தச் சொன்னார்கள். சென்சாரை இலவசமாகப் பொருத்தித் தருவது, மாதச் சந்தா வாங்குவது என்று முடிவானது. சந்தா என்றால் வருமானம் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் எந்த நிர்வாகக் கூட்டத்துக்குப் போனாலும் 'தொடர் வருமானம்' என்ற சொல்தான் அடிபடும்.

இது நடந்தது 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பது முக்கியம். அமெரிக்காவின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2020 மார்ச்சில் வட்டியைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறக்கி, இரண்டு ஆண்டுகள் அங்கேயே வைத்திருந்தது. ஐரோப்பிய மைய வங்கியில் வைப்பு வட்டி 2014லிருந்தே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது, அதாவது வங்கிகள் அங்கே பணத்தை வைத்திருக்கத் தாங்களே கட்டணம் கொடுத்தன. பணம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, ஏழு எட்டு வருடம் கழித்து லாபம் தரும் என்று சொல்கிற திட்டம்கூட இன்றைக்கே கவர்ச்சியாகத் தெரியும். பெரிய நிறுவனங்கள் எல்லாம் புதுமைக்கென்று தனிப் பிரிவு, தனிப் பெயர், தனி மாடி என்று ஆரம்பித்த காலம் அது. எங்களுக்குக் கிடைத்த ஒப்புதலில் யோசனையின் தகுதி எவ்வளவு, காலத்தின் தயவு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட அப்போது யாரும் இல்லை.

முதல் அடி 2021இல் சிப் தட்டுப்பாட்டிலிருந்து வந்தது. கார் கம்பெனிகளே சிப் இல்லாமல் தொழிற்சாலையை நிறுத்திவைத்திருந்தபோது, எங்களைப் போன்ற சின்ன ஆர்டர்காரர்களை யார் கவனிப்பார்கள்? சில வாரங்களில் வந்துகொண்டிருந்த சென்சார் பலகைகளுக்கு ஒரு வருடக் காத்திருப்பு சொன்னார்கள். முன்பணம் கட்டினால்தான் வரிசையில் இடம். கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வோம் என்று தேவைக்கு மேலேயே வாங்கி அடுக்கினோம். அன்றைய நிலைமையில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், அது சரியாகவும் தெரிந்தது. பின்னால் வட்டி ஏறியபோது, கிடங்கில் தூங்கும் சரக்கு என்று எங்கள் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட முதல் தொகையே அதுதான்.

அப்புறம் 2022. அமெரிக்காவில் பணவீக்கம் அந்த ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டது, நாற்பது வருடங்களில் அதிகம். ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் என்ற நிலைக்குக் கொண்டுபோனது. ஐரோப்பிய மைய வங்கி 2022 ஜூலையில் எதிர்மறை வட்டியை விட்டு வெளியேறி, 2023 செப்டம்பரில் 4 சதவீதத்துக்கு வந்தது. என் வீட்டுக் கடன் மாறும் வட்டிக் கடன். தவணை கூடுகிறது என்று வங்கியிலிருந்து அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. வீட்டில் உட்கார்ந்து அதைப் பற்றிக் கவலைப்பட்டேன், செலவைக் குறைத்தேன். மறுநாள் அலுவலகம் போய் வழக்கம்போலத் திட்டத்தை விரிவாக்கும் வேலையைப் பார்த்தேன். என் தவணையைக் கூட்டிய அதே காரணம் என் திட்டத்தின் கழுத்தையும் பிடிக்கப் போகிறது என்பது எனக்கும் தெரியாது, என் மேலாளருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். பேரியல் பொருளாதாரத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். ஏழு வருடம் கழித்து உங்கள் கைக்கு வரப்போகும் 100, இன்றைக்கு எவ்வளவு பெறும்? நிறுவனம் தன் முதலீட்டில் ஆண்டுக்கு 6 சதவீதமாவது வர வேண்டும் என்று எதிர்பார்த்தால், அதன் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 66. வட்டி ஏறினால் இந்த எதிர்பார்ப்பும் ஏறும்; அது 12 சதவீதம் என்று ஆனால் வெறும் 45. மூன்றில் ஒரு பங்கு ஆவியாகிவிட்டது. அதே 100 அடுத்த வருடமே வருவதாக இருந்தால்? 6 சதவீதத்தில் 94, 12 சதவீதத்தில் 89. பெரிய வித்தியாசம் இல்லை. வட்டி ஏறும்போது தொலைவில் பலன் தரும் வேலைகள் எல்லாம் ஒரே நாளில் மெலிந்துபோகும், பக்கத்தில் பலன் தருபவை அப்படியே இருக்கும். திட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. வாடிக்கையாளர் ஒருவர்கூட விலகியிருக்க மாட்டார். ஆனால் நிதிப் பிரிவின் தாளில் அது வேறு திட்டம். புதுமை என்பதே பெரும்பாலும் தொலைவில் பலன் தரும் வேலைதான் என்பதால், முதல் வெட்டு அங்கேதான் விழும்.

எங்களுடையது சந்தா திட்டம் என்பதால் இது இரட்டிப்பு அடியானது. சென்சாருக்கும் பொருத்துவதற்கும் ஆகும் செலவு முதல் நாளே எங்கள் கையிலிருந்து போய்விடும். சந்தாவோ சிறுகச் சிறுகத்தான் வரும். ஒரு வாடிக்கையாளருக்குச் செய்த செலவு திரும்பி வர மூன்றாவது வருடம் ஆகும். ஆகவே நாங்கள் வேகமாக வளர வளர, அதிகமாகப் பணம் கேட்டுக்கொண்டே இருந்தோம். பணம் மலிவாக இருந்தபோது இதை வளர்ச்சி என்று பாராட்டினார்கள். விலை ஏறியதும் இதையே பணத்தை எரிப்பது என்றார்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கையைக் காட்டும் ஸ்லைடுக்கு முன்பு கைதட்டியவர்கள், அதே ஸ்லைடைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஏதோ ஏமாற்றி வாங்கிவிட்டதைப் போலப் பேசுகிறார்களே என்று ராத்திரி தூக்கம் போனது.

நிதிப் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். மற்ற யாரும் வெளிப்படையாகப் பேசாதபோது அவர் மட்டும் உட்காரவைத்துச் சொன்னார். "உங்க ப்ராஜெக்ட் நல்லா இல்லைன்னு யாரும் சொல்லலைங்க. அடுத்த வருஷம் கம்பெனியோட பெரிய கடன் ஒண்ணு முதிர்வுக்கு வருது. பழைய வட்டி ரொம்பக் குறைவு. இப்போ புதுப்பிச்சா ரெண்டு மடங்குக்கு மேல போகும். அந்த வித்தியாசம் எங்கிருந்தாவது வரணும் இல்லையா?" அவ்வளவுதான் விஷயம். பங்குதாரர்களுக்கான ஆண்டறிக்கையில், கணக்குக் குறிப்புகளில், எந்தக் கடன் எந்த வருடம் முதிர்கிறது என்ற பட்டியல் அச்சிட்டே இருந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். படிக்கச் சொல்லி யாரும் ஒரு பொறியாளரிடம் சொல்ல மாட்டார்கள்.

அதனால் நான் இப்போது யாரிடம் பேசினாலும் முதலில் கேட்கச் சொல்வது மூன்று விஷயங்கள். உங்கள் நிறுவனம் புதிய முதலீட்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் எதிர்பார்க்கிறது என்பது ஒன்று. ஹர்டில் ரேட் என்பார்கள், நிதிப் பிரிவில் கேட்டால் தெரியும். அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள், அடுத்து எப்போது பரிசீலிப்பார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது, பெரிய கடன்கள் எந்த வருடம் முதிர்கின்றன, அவை நிலையான வட்டியா மாறும் வட்டியா என்பது. மூன்றாவது, உங்கள் திட்டத்தின் பணம் யாருடைய பட்ஜெட்டில், எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பது. இந்த மூன்றாவதைப் பலர் அற்பம் என்று நினைக்கிறார்கள். எங்கள் பணம் 'வளர்ச்சி முயற்சிகள்' என்ற தனித் தலைப்பில் இருந்தது. ஒரு வரியை அடித்தால் ஒரு பெரிய தொகை மிச்சம். செலவைக் குறைக்க வேண்டிய அதிகாரிக்கு அதைவிட எளிதான வேலை வேறு எது இருக்க முடியும்?

பணம் வெட்டப்படுவதற்கு முன்பே ஆபீஸின் குணம் மாறிவிடுகிறது. வெளியே பொருளாதாரம் இறுகும்போது உள்ளே முதலில் இறுகுவது பேச்சு. எங்கள் வாராந்திரக் கூட்டத்தில் முன்பெல்லாம் தவறாக வந்த எச்சரிக்கைகளைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவோம். பம்ப் நன்றாக இருக்கும்போது சென்சார் பழுது என்று சொன்னால், அந்தத் தரவைத் தோண்டித்தான் அடுத்த முன்னேற்றம் வரும். ஆள்குறைப்பு வதந்தி கிளம்பிய பிறகு தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. சந்தோஷப்பட்டோம். பிறகுதான் தெரிந்தது, களத்தில் இருப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டார்கள். கெட்ட செய்தி மேலே போனால் திட்டத்துக்கு ஆபத்து என்ற பயம். விற்பனைப் பிரிவினர் எங்களை வாடிக்கையாளர் சந்திப்புகளுக்குக் கூட்டிப்போவது நின்றது. ஆறு மாதம் கழித்து இருக்குமோ இருக்காதோ என்ற சேவைக்கு அவர்கள் தங்கள் பெயரைப் பணயம் வைக்கத் தயாராக இல்லை, அதில் நியாயமும் இருக்கிறது. திட்டத்தின் ஆதரவாளராக இருந்த பெரிய அதிகாரி கூட்டங்களுக்குத் தன் உதவியாளரை அனுப்பத் தொடங்கினார்.

ஹார்வர்டில் நிர்வாகவியல் பேராசிரியரான ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் ஆய்வு செய்தபோது, நல்ல குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் நேர்மாறாக வந்தன. நல்ல குழுக்கள் அதிகத் தவறுகளைப் பதிவு செய்திருந்தன, ஏனென்றால் அங்கே இருந்தவர்களுக்குத் தவறைச் சொல்லப் பயம் இல்லை. அதன் தொடர்ச்சியாக 1999இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரை குழுக்களின் மனப் பாதுகாப்பு பற்றிய பேச்சுக்கு அடித்தளமானது. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டிருந்தேன். ஆனால் இந்தப் பாதுகாப்பு மேலாளரின் நல்ல குணத்தை மட்டும் பொறுத்தது என்பதுபோலவே அங்கே சொன்னார்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படும் மனிதரிடம், தைரியமாகத் தப்பைச் சொல்லு என்றால் எப்படிச் சொல்வார்? வெளியே வேலைச் சந்தை எப்படி இருக்கிறது என்பது கூட்ட அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. குழு நடத்துகிறவர் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கற்றுக்கொள்வதற்காகச் சேகரிக்கும் எண்களையும் மேலிடத்துக்குக் காட்டும் எண்களையும் நல்ல காலத்திலேயே தனித்தனியாகப் பிரித்து, முதல் வகையை வைத்து யாருடைய மதிப்பீட்டையும் எழுத மாட்டோம் என்று மனிதவளப் பிரிவின் ஒப்புதலோடு எழுதி வைத்துவிடுங்கள். பயம் வந்த பிறகு இந்த வாக்குறுதியைக் கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசியில் 2023இன் நடுவில் மூடினார்கள். சின்னக் கூட்டம், மரியாதையான வார்த்தைகள், வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப ஒரு கடித வரைவு. குழுவில் பாதிப்பேருக்கு வேறு பிரிவில் இடம் கிடைத்தது, மீதிப்பேருக்கு இல்லை. என்னை நம்பி நல்ல வேலையை விட்டு வந்த ஒரு இளைஞருக்கு அன்றைக்கு நானே சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. எனக்கு ஆன நஷ்டத்தையும் சொல்கிறேன். இந்தப் பொறுப்பை ஏற்றபோது ஆண்டுச் சம்பள உயர்வில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, மூன்றாவது ஆண்டு இலக்கை எட்டினால் பெரிய தொகை என்று ஒப்பந்தம் போட்டிருந்தேன். மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் திட்டமே போய்விட்டது, தொகையும் போனது. அரை வருடச் சம்பளத்துக்கு மேல் இருக்கும். வடிவமைப்புப் பிரிவில் என் கூட இருந்தவர்கள் இரண்டு படி மேலே போயிருந்தார்கள். எனக்குப் பழைய நாற்காலிகூட இல்லை. வீட்டுத் தவணையோ அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருந்தது. பல மாதம் நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனது கொஞ்சம் தெளிந்தது, மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான். 2022இன் பிற்பாதியில் அமேசான் தன் டெலிவரி ரோபோ சோதனையை நிறுத்தியது. கூகுள் தன் உள் சோதனைக்கூடமான ஏரியா 120இல் பல திட்டங்களை வெட்டியது. நவம்பரில் மெட்டா பதினோராயிரம் பேரை அனுப்பியது. தனித்தனிக் காரணங்கள் சொல்லப்பட்டாலும் எல்லாம் ஒரே பருவத்தில் நடந்தன. இத்தனை இடங்களில் இத்தனை யோசனைகள் ஒரே சமயத்தில் மோசமாகிவிட்டன என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

அப்படியென்றால் இறுக்கமான காலத்தில் புதுமை சாத்தியமே இல்லையா? இருக்கிறது. ஆப்பிள் முதல் ஐபாடை வெளியிட்டது 2001 அக்டோபரில், அமெரிக்கா மந்தநிலையில் இருந்தபோது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது 3எம் நிறுவனத்தின் போஸ்ட்-இட் என்ற ஒட்டும் தாள் கதை. அங்கே விஞ்ஞானியாக இருந்த ஸ்பென்சர் சில்வர் அந்த லேசான பசையை 1968இல் கண்டுபிடித்தார். அதற்கு என்ன உபயோகம் என்று யாருக்கும் தெரியவில்லை. அதே நிறுவனத்தில் இருந்த ஆர்ட் ஃப்ரைக்கு 1974இல் புத்தகத்தில் வைக்கும் அடையாளத் தாளாக அது பயன்படும் என்று தோன்றியது. அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். எல்லோரும் இதைத் தற்செயல் கண்டுபிடிப்பின் கதையாகச் சொல்வார்கள். அந்த வருடங்களை மட்டும் தனியே பாருங்கள். 1973இல் எண்ணெய் விலை அதிர்ச்சி, அதைத் தொடர்ந்து கடுமையான மந்தநிலை, இரண்டு முறை உயர்ந்த பணவீக்கம், 1979க்குப் பிறகு பால் வோல்க்கர் ஃபெடரல் ரிசர்வ் தலைவராக இருந்த காலத்தில் 20 சதவீதத்தை நெருங்கிய வட்டி. இத்தனையையும் ஒரு பசை தாண்டி வந்திருக்கிறது. 3எம்இல் 1948 முதலே பணியாளர்கள் தங்கள் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற வழக்கம் இருந்தது. அதுதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. நீண்ட காலத்துக்கு அது யாருடைய பட்ஜெட்டிலும் தனி வரியாக நிற்கவில்லை. நிற்காததை அடிக்க முடியாது. எங்கள் திட்டமோ முதல் நாளிலிருந்தே தனி மாடியில், தனிப் பெயர்ப் பலகையோடு நின்றது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, முடிந்தவரை நீண்ட நாள் சின்னதாக, மலிவாக, பழைய வேலையின் ஓரத்திலேயே இருங்கள் என்பது. கேள்விக்குப் பதில் தெரியும்வரை ஆள் சேர்க்காதீர்கள். மேலிடம் தாராளமாகக் கொடுத்தாலும் வாங்கியதை எல்லாம் நிரந்தரச் செலவாக மாற்றாதீர்கள், ஏனென்றால் ஆட்களும் வாடகையும் வருடாவருடம் கண்ணில் படும். பணத்தை மொத்தமாகக் கேட்காமல் கட்டம் கட்டமாகக் கேளுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சந்தேகம் தீர்ந்தால் அடுத்த தொகை என்று எழுதிக் கொடுங்கள். எந்த நிலைமை வந்தால் நிறுத்திவிடலாம் என்பதையும் நீங்களே முன்கூட்டி எழுதி வையுங்கள். நிறுத்தும் விதியை நீங்கள் எழுதாவிட்டால், பயம் பிடித்த ஒரு காலாண்டில் வேறு யாராவது எழுதுவார்கள். சந்தா போல் பின்னால் பணம் வரும் முறையாக இருந்தால், முன்கட்டணமாகக் கொஞ்சமாவது வாங்கிப் பாருங்கள். சென்சார் செலவில் பாதியை முதலிலேயே கொடுக்கத் தயாராக இருந்த வாடிக்கையாளர்கள் எங்களுக்கும் இருந்தார்கள். இலவசம் என்றால் எண்ணிக்கை ஏறும் என்பதால் அப்போது அது வேண்டாம் என்று மேலிடத்தில் தீர்மானித்தார்கள். அந்தப் பாதி வந்திருந்தால் செலவு ஒன்றரை வருடத்துக்குள் திரும்பியிருக்கும். 12 சதவீதக் கணக்கிலும் திட்டம் நின்றிருக்கும்.

எதைக் கவனிப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜிடிபியை நம்பி உட்காராதீர்கள். அது காலாண்டு முடிந்த பிறகு வரும், வந்த பிறகும் திருத்தப்படும். மந்தநிலை என்ற அறிவிப்போ இன்னும் தாமதம். 2007 டிசம்பரிலேயே மந்தநிலை தொடங்கிவிட்டது என்று அமெரிக்காவில் அதைத் தீர்மானிக்கும் குழு அறிவித்த நாள் 2008 டிசம்பர் 1. முழுதாக ஒரு வருடம். அதற்குள் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கியே விழுந்துவிட்டது. கொள்முதல் மேலாளர் குறியீடு, அதாவது பிஎம்ஐ, மாதாமாதம் வரும். 50க்கு மேல் என்றால் விரிவு, கீழே என்றால் சுருக்கம். அதில் புதிய ஆர்டர்கள் என்ற பகுதியைத் தனியாகப் பாருங்கள். உங்கள் நாட்டு மைய வங்கி ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் வெளியிடும் அறிக்கையைப் படியுங்கள், சில பக்கம்தான். எண்ணைவிட, போன முறைக்கும் இந்த முறைக்கும் எந்த வாக்கியம் மாறியிருக்கிறது என்பது முக்கியம். குறுகிய காலப் பத்திர வட்டி நீண்ட காலப் பத்திர வட்டியை மிஞ்சினால் மந்தநிலை வரும் என்பார்கள். அமெரிக்காவில் 2022 நடுவிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் அப்படித் தலைகீழாகவே இருந்தது, ஆனால் அந்த இரண்டு வருடத்தில் எதிர்பார்த்த மந்தநிலை வரவில்லை. எந்தக் குறியீடும் ஜோசியம் இல்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு மந்தநிலை வருமா என்பது கேள்வியே இல்லை, பணத்தின் விலை ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. மந்தநிலை வராமலேயே எங்கள் கதை முடிந்தது.

இவை எல்லாவற்றையும்விட வேகமான தகவல் உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் பணம் செலுத்த எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்று வசூல் பிரிவில் கேளுங்கள். நாற்பது நாளில் கொடுத்தவர் அறுபது நாள் எடுத்தால் அவருக்கும் பணம் இறுகுகிறது. விலைப்பட்டியல் அனுப்பியதிலிருந்து ஆர்டர் வரும்வரை ஆகும் காலம் நீள்கிறதா என்று விற்பனையில் கேளுங்கள். வாடிக்கையாளர் பக்கம் கையெழுத்துப் போடும் ஆள் ஒரு படி மேலே போயிருக்கிறாரா என்பதும் நல்ல அறிகுறி. எங்களுக்கு இது 2022இன் கோடையிலேயே தெரிய ஆரம்பித்தது. முன்பு பராமரிப்பு மேலாளரே முடிவு செய்த சந்தாவுக்கு, நிதித் தலைமை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். நிதிப் பிரிவில் ஒருவரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து இதையெல்லாம் பேசுங்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

நிறுவனத்தை நடத்தும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுமைக் கலாசாரம் வேண்டும் என்று சுவரில் எழுதுவதைவிட, மூன்று வருடத்துக்கு இவ்வளவு தொகை, வட்டி எங்கே போனாலும் இதைத் தொட மாட்டோம் என்று இயக்குநர் குழுவில் தீர்மானம் போட்டு வைப்பது மேல். தொகை சின்னதாக இருக்கட்டும், பரவாயில்லை. ஒவ்வொரு முறை பணம் மலியும்போது ஆரம்பித்து, இறுகும்போது மூடினால், அடுத்த முறை உங்கள் திறமையான ஆட்கள் யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். மூடியதன் உண்மையான செலவு அதுதான், எந்தக் கணக்கிலும் அது ஏறாது. மூடத்தான் வேண்டும் என்றால் காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். 'சந்தையில் வரவேற்பு இல்லை' என்று எங்கள் அறிக்கையில் எழுதினார்கள். அது பொய். கடன் புதுப்பிப்பு காரணம் என்று எழுதியிருந்தால் அந்தக் குழுவில் இருந்தவர்கள் அடுத்த இடத்தில் தலைநிமிர்ந்து வேலை கேட்டிருப்பார்கள். சில வருடம் கழித்து அதே யோசனையை யாராவது எடுத்தால், வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்ற தவறான பாடத்தோடு அதை ஒதுக்கிவிடவும் மாட்டார்கள்.

கடைசியாக, உங்கள் சொந்த விஷயம். புதிய பொறுப்பை ஏற்கும் முன்பு மூன்றை எழுத்தில் வாங்குங்கள். திட்டம் நின்றால் பழைய பிரிவில், அதே நிலையில் இடம் உண்டு என்பதை மனிதவளப் பிரிவிலிருந்து கடிதமாக வாங்குங்கள். மேலாளரின் வாய்வார்த்தை போதாது, ஏனென்றால் இறுக்கமான காலத்தில் முதலில் மாறிப்போவது மேலாளர்தான். ஊக்கத் தொகை இறுதி இலக்குக்கு மட்டும் என்று இருந்தால், கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரக் கேளுங்கள். நிறுவனம் தானாகவே திட்டத்தை மூடினால் அதுவரை முடித்த கட்டங்களுக்குத் தொகை உண்டு என்ற வரி அதில் இருக்க வேண்டும். ஆண்டு உயர்வை விட்டுக்கொடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் சேர்க்கும் ஆட்களுக்கும் இதே மூன்றையும் வாங்கிக் கொடுங்கள், முடியாவிட்டால் வேலையில் சேரும் முன்பே அவர்களிடம் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் மாறும் வட்டிக் கடன் இருந்தால், இப்படிப்பட்ட வேலைக்குப் போகும் முன் ஆறு மாதத் தவணையையாவது தனியே ஒதுக்கி வையுங்கள். வட்டி ஏறும்போது உங்கள் தவணையும் ஏறும், உங்கள் வேலையும் ஆடும், இரண்டும் ஒரே நேரத்தில்தான் வரும்.